தூதரகத்தில் வேலை, யாரிடம் போய்ச் சொல்வது?

கேள்வி, ஜூன் 8 (பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

என் அண்ணன் மகள் மத்திய அரசு ஊழியர். போன வருடம்தான் முதல் முறையாக வெளிநாட்டில் உள்ள நம் தூதரகம் ஒன்றுக்குப் போஸ்டிங் கிடைத்துப் போனாள். அங்கே மேலதிகாரி லீவு கேட்டால் எரிந்து விழுகிறார், ஆபீஸ் முடிந்த பிறகு தன் வீட்டு விருந்து வேலைக்கு வரச் சொல்கிறார், முடியாது என்றால் "ரிப்போர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாராம். வீட்டில் யாரும் நம்பவில்லை. "தூதரகத்தில் இருப்பவர்களுக்கு என்ன குறை, வெளிநாட்டுப் படி, வாடகை இல்லாத வீடு, இதற்கு மேல் என்ன வேண்டும்" என்று அவளையே திட்டுகிறார்கள். நானே அமைச்சருக்கு ஒரு மனு எழுதிப் போடலாம் என்றிருக்கிறேன். எம்.பி.யிடமும் நமக்கு ஆள் இருக்கிறது. செய்யலாமா?

ஜூன் 8, இரவு

செய்யாதீர்கள் தம்பி. மனுவும் வேண்டாம், எம்.பி.யும் வேண்டாம். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-இல் 20-ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். தன் வேலை சம்பந்தமான காரியத்துக்கு அரசியல் செல்வாக்கையோ வேறு வெளிச் செல்வாக்கையோ ஊழியர் கொண்டுவரக் கூடாது என்கிறது. சொந்தக்காரர் எழுதும் மனுவும் வெளிச் செல்வாக்குக் கணக்கில்தான் சேரும் என்று அரசு சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. நீங்கள் பாசத்தில் போடும் கடிதத்தை வைத்து அவள்மேலேயே மெமோ கொடுப்பார்கள். எழுத வேண்டியது அவள். எப்படி என்று நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 9

"தூதரகத்தில் இருப்பவர்களுக்கு என்ன குறை" என்று சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மாமனாரும் அதையேதான் கேட்டார். ஆனால் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் 34 வருடம் மத்திய அரசில் இருந்தவன். சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்தேன், அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டு மிஷன்களில், அதாவது நம் தூதரகங்களில்தான் போயிற்று. இப்போது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஊரோடு இருக்கிறேன். மிஷன் என்றதும் பெரிய மாளிகை, கொடி கட்டிய கார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சின்ன நாடுகளில் இந்தியாவிலிருந்து போன ஆட்கள் ஆறு பேர், ஏழு பேர்தான். உங்கள் லீவுக்குக் கையெழுத்துப் போடுபவர்தான் உங்கள் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவ பில்லுக்கும் கையெழுத்துப் போடுபவர். எந்த வீடு உங்களுக்கு என்பதும் அவர் சொல்வதுதான். தீபாவளிக்கு அவர் வீட்டில்தான் கூட வேண்டும், ஏனென்றால் அந்த ஊரில் வேறு தீபாவளி கிடையாது. தஞ்சாவூரில் ஒரு ஆபீசில் மேலதிகாரியோடு மனத்தாங்கல் என்றால் சாயங்காலம் பஸ் ஏறினால் அய்யம்பேட்டை வருவதற்குள் பாதி மறந்துவிடும். அங்கே பஸ் ஏறினாலும் அவர் இருக்கும் தெருவுக்குத்தான் போகும். என் மனைவியும் அவர் மனைவியும் ஒரே கடையில் கத்தரிக்காய் வாங்குவார்கள். அந்தக் குளிரில் வீட்டுக்கு வெளியே நின்று புலம்பக்கூட முடியாது.

நம் ஊர்க்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கடைமடைக்காரன் தண்ணீர் வரவில்லை என்று புகார் எழுதி, அதைத் தலைமடைக்காரனிடமே கொடுத்து "அண்ணே, இதைக் கொஞ்சம் மேலே அனுப்பிவிடுங்கள்" என்று சொல்வது போன்றது அங்கே புகார் கொடுப்பது. உரிய வழியாக, ஆபீஸ் பாஷையில் "த்ரூ பிராப்பர் சேனல்" என்றால் மிஷனில் அர்த்தம் அதுதான். யார்மேல் குறையோ அவர் மேசையைத் தாண்டித்தான் காகிதம் டெல்லிக்குப் போக வேண்டும்.

ஜூன் 9, மதியம்

முத்துப்பேட்டையிலிருந்து ஒருவர், குவைத்தில் இருக்கும் மகனுக்கு ஐந்து மாதச் சம்பளம் வரவில்லை, இதே வழியில் போகலாமா என்று கேட்டிருக்கிறார். இல்லை, அது வேறு. நான் எழுதுவது தூதரகத்துக்குள் வேலை பார்ப்பவர்களின் குறை. உங்கள் மகனுடையது தூதரகத்திடம் கொண்டுபோக வேண்டிய குறை. அதற்கு 2015-இல் தொடங்கிய மதத் என்ற இணையதளம் இருக்கிறது, அதில் பதிவு செய்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வேலை ஒப்பந்தத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள். கையில் காசே இல்லாமல் நிற்கிறார் என்றால் 2009-இல் ஏற்படுத்திய இந்திய சமூக நல நிதி என்று ஒன்று ஒவ்வொரு தூதரகத்திலும் இருக்கிறது, அதையும் கேட்கச் சொல்லுங்கள்.

ஜூன் 11

சரி, அந்தப் பெண் செய்ய வேண்டியது.

முதலில் ஒரு நோட்டு. தேதி, நேரம், என்ன சொன்னார், யார் கூட இருந்தார்கள். கோபத்தை எல்லாம் அதில் கொட்டக் கூடாது, நடந்ததை மட்டும் எழுத வேண்டும். வாய்ச்சொல்லாக ஒரு வேலை சொன்னால் மறுநாள் காலையில் மரியாதையாக ஒரு மின்னஞ்சல்: "நேற்று மாலை தாங்கள் சொன்னபடி ஆறு மணி முதல் ஒன்பதரை மணி வரை தங்கள் இல்லத்தில் இன்ன வேலை செய்தேன்." அவ்வளவுதான். புகார் என்ற வார்த்தையே அதில் வேண்டாம். இப்படி நாலு மின்னஞ்சல் போனாலே சில பேர் அடங்கிவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் அடங்காவிட்டால் எழுத்தில் ரெப்ரசென்டேஷன், அதாவது முறையான குறை மனு. ஒரே விஷயம், ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகாமல். அதைக் கொடுத்துவிட்டு, காகிதத்தை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றியதற்கான டைரி நம்பரை வாங்காமல் அந்த அறையை விட்டு வரக்கூடாது. இதை ஆயிரம் தடவை சொல்வேன்.

பொதுமக்கள் குறைகேட்கும் மத்திய அரசு இணையதளத்தில் போட்டுவிடலாமே என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். ஊழியர்களின் பணி விவகாரங்களை அது எடுத்துக்கொள்ளாது, உள் வழிகளை எல்லாம் முடித்துவிட்டு வந்தால் தவிர.

அதற்கும் மேலே போனால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லாரும் கேட் (CAT) என்பார்கள். அரசியல் சட்டத்தின் 323-ஏ பிரிவின் கீழ் 1985-இல் வந்த சட்டம். பதவி உயர்வு, சீனியாரிட்டி, சம்பளம், தண்டனை மட்டும் இல்லை, லீவு விவகாரம்கூட அதன் எல்லைக்குள் வரும். கட்டணம் 50 ரூபாய். தீர்ப்பாயம் என்றாலே நம் பக்கம் பயப்படுகிறார்கள், காவிரித் தீர்ப்பாயத்தை 1990-இல் அமைத்து 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்து, அப்புறம் உச்ச நீதிமன்றம் 2018-இல் 177.25 டி.எம்.சி. என்று சொன்னது வரை பார்த்தவர்கள் ஆயிற்றே. இது மாநிலச் சண்டை இல்லை, தனி ஆளின் வழக்கு. ஆனாலும் இதற்கும் வருடங்கள் ஆகும், அதை மறைக்க மாட்டேன்.

காலக்கெடு ஒரு வருடம். ரெப்ரசென்டேஷன் கொடுத்த நாளிலிருந்து.

ஜூன் 12

நேற்றைய கடைசி வரி தப்பு. தப்பான தேதியை நம்பி யாராவது கெட்டுப்போனால் அந்தப் பாவம் எனக்கு, அதனால் காலையில் முதல் வேலையாகத் திருத்துகிறேன்.

மனுவுக்குப் பதில் உத்தரவு வந்துவிட்டால் அந்த உத்தரவு தேதியிலிருந்து ஒரு வருடம். பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அந்த ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து ஒரு வருடம். ஆக மொத்தம் ஒன்றரை வருடம். அந்த 1985 சட்டத்தின் 20, 21 பிரிவுகள்.

இன்னொன்று, இதில்தான் நான் வீழ்ந்தேன். நினைவூட்டல் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தால் கடிகாரம் நிற்காது. திரும்பத் திரும்ப மனுப் போடுவதால் காலக்கெடு நீளாது என்று உச்ச நீதிமன்றம் எஸ்.எஸ். ராத்தோர் வழக்கில் 1989-இலேயே சொல்லிவிட்டது. எனக்கு அது தெரியாது.

மேட்டூர்த் தண்ணீர் எப்போது நம் பக்கம் எட்டும் என்று இதே பக்கத்தில் கேட்கிறீர்கள். கல்லணைக்கே இன்னும் வரவில்லை, பொறுங்கள்.

ஜூன் 15

என்ன ஆயிற்று என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன். நாட்டையும் ஆளையும் கேட்காதீர்கள்.

1990-களின் கடைசி. எனக்கு இரண்டாவது வெளிநாட்டுப் போஸ்டிங். என் நேர் அதிகாரி நன்றாகப் படித்தவர், அதிர்ந்து பேசமாட்டார். முதல் வருட முடிவில் என் ரகசிய அறிக்கையில், அப்போது ஏ.சி.ஆர். என்போம், "நன்று" என்று எழுதினார். படித்தால் நல்ல வார்த்தையாகத்தானே தெரிகிறது? பதவி உயர்வுக்கு உட்காரும் கமிட்டி எதிர்பார்த்தது "மிக நன்று". ஆக "நன்று" என்பதே ஆளை வெட்டிவிடும் வார்த்தை. ஆனால் அது மோசமான குறிப்பு இல்லை என்பதால் எனக்குக் காட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. மோசமாக எழுதினால்தான் காட்டுவார்கள். நான் ராத்திரி பத்து மணி வரை, ரகசியத் தந்திகளைக் கையாளும் சைஃபர் அறை வாசலில் காத்திருந்து டைப் அடித்த வருடம் அது.

மூன்றாவது வருடம் லிஸ்ட் வந்தது. என்னைவிட இளையவர்கள் இரண்டு பேர் அதில் இருந்தார்கள், நான் இல்லை. டிப்ளமாட்டிக் பேக் என்ற தூதரகத் தபால் பையில் அந்தச் சுற்றறிக்கை வந்து, அதைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றியதும் நான்தான். மனைவியிடம் இரண்டு நாள் சொல்லவில்லை.

ரெப்ரசென்டேஷன் எழுதினேன். அதே அதிகாரி வழியாகத்தான் போக வேண்டும். அவர் வாங்கிப் படித்தார், முகம் வாடிவிட்டது, "இதை இப்படி அனுப்ப வேண்டாம், அடுத்த மாதம் டெல்லி போகிறேன், நானே நேரில் பேசுகிறேன்" என்றார். நம்பினேன். டைரி நம்பர் கேட்கவில்லை. அவ்வளவு தன்மையாகப் பேசுகிறவரிடம் நம்பர் கேட்பது மரியாதைக் குறைவு என்று தோன்றியது. அவர் போனார், வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நினைவூட்டல் கொடுத்தேன். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதைக் கொடுப்பதற்குள் அவருக்கு மாற்றல் வந்து போய்விட்டார், என் காகிதம் அவர் டிராயரில் இருந்ததா, குப்பையில் போயிற்றா, இன்று வரை எனக்குத் தெரியாது.

டெல்லி திரும்பியதும் கோபர்னிகஸ் மார்க்கில் தீர்ப்பாயத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி "தேதி?" இரண்டாவது கேள்வி "டைரி நம்பர்?" மூன்றாவது கேள்வியே வரவில்லை. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனுப் போடலாம், தகுந்த காரணம் காட்டினால் தீர்ப்பாயம் ஏற்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். காரணத்துக்குச் சாட்சி? என்னிடம் ஒரு கார்பன் நகல் இருந்தது, அதில் யாருடைய கையெழுத்தும் இல்லை.

ஐந்து வருடம் தள்ளித்தான் அந்தப் பதவி உயர்வு வந்தது. ஓய்வூதியத்தில் இன்றைக்கும் அந்த ஐந்து வருடம் மாதாமாதம் தெரிகிறது.

ஜூன் 16

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "இப்போதும் அப்படித்தானா" என்று கேட்டவருக்கு. இல்லை, இது ஒன்று மாறியது, மாற்றியவர் எல்லைச் சாலை நிறுவனத்தில் இருந்த ஒரு பொறியாளர். தேவ் தத் வழக்கு, 2008 மே. அவருக்கும் என்னைப் போலவே ஒரு வருடம் "நன்று" விழுந்து, "மிக நன்று" கேட்ட இடத்தில் வழி அடைபட்டது. உச்ச நீதிமன்றம் எந்தக் குறிப்பாக இருந்தாலும், மோசமோ சுமாரோ நன்றோ, ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. மறு வருடம் 2009 மே 14 அன்று மத்திய அரசு உத்தரவு போட்டது. இப்போது ஏ.பி.ஏ.ஆர். என்ற அந்த அறிக்கையை முழுசாகக் காட்டுகிறார்கள். காட்டிய நாளிலிருந்து 15 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம்.

தம்பி, உங்கள் அண்ணன் மகளுக்கு இந்தப் பதினைந்து நாள்தான் முக்கியம். மார்ச்சோடு முடிந்த வருடத்துக்கான அறிக்கை பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் அவள் கண்ணுக்கு வரும். அந்தச் சமயத்தில் அவள் ஊருக்கு லீவில் வந்திருந்தாலும் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். "ரிப்போர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்ன தேதி அந்த நோட்டில் இருந்தால், ஆட்சேபத்தின் முதல் பத்தி அதுதான்.

ஜூன் 20

அமெரிக்காவில் தூதரக ஊழியர்களின் குறைகளுக்கென்றே ஒரு தனி வாரியம் இருக்கிறது. அது பிறந்த கதையை எனக்கு அந்த நாட்டுத் தூதரக நண்பர் ஒருவர் சொன்னார், அப்புறம் நானும் தேடிப் படித்தேன்.

சார்லஸ் தாமஸ் என்று ஒரு அதிகாரி. குறிப்பிட்ட வருடங்களுக்குள் பதவி உயர்வு வராவிட்டால் ஆளை வெளியே அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். 1969-இல் அவரை அப்படி அனுப்பினார்கள். ஐம்பது வயது ஆகாததால் கையில் உடனே ஓய்வூதியமும் இல்லை. அவரைப் பற்றி உயர்வாக எழுதப்பட்ட ஓர் அறிக்கை அதே பெயர் கொண்ட இன்னொரு ஆளின் கோப்பில் மாறிப் போயிருந்தது, கமிட்டி கூடியபோது இவர் கோப்பில் அது இல்லை. வேலை தேடி அலைந்து, 1971 ஏப்ரலில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி விடவில்லை. 1975-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அவருக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, இறந்த மனிதருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது, பாக்கிச் சம்பளம் குடும்பத்துக்குப் போயிற்று. இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் இறந்த பிறகு எழுந்த கொதிப்பில்தான் குறைதீர்ப்பு வாரியம் முதலில் இடைக்காலமாக, பிறகு சட்டப்படி வந்தது. 1980-ஆம் ஆண்டு வெளியுறவுப் பணிச் சட்டத்தில் அதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. முதலில் வெளியுறவுத் துறையிடம் எழுத வேண்டும், 90 நாளில் தீர்க்காவிட்டால் வாரியத்துக்குப் போகலாம். வாரிய உறுப்பினர்களை அமைச்சர் நியமித்தாலும், துறையும் ஊழியர் சங்கமும் இரண்டும் ஒப்புக்கொண்ட பெயர்களிலிருந்துதான் நியமிக்க வேண்டும். தண்டனை வழக்கு என்றால் நிரூபிக்கும் பொறுப்பு துறையுடையது. ஆளை வேலையைவிட்டு அனுப்பும் உத்தரவை, விசாரணை முடியும் வரை வாரியம் நிறுத்தி வைக்கலாம்.

என்னை உலுக்கியது வேறு ஒரு விதி. காலக்கெடு பொதுவாக இரண்டு வருடம். ஆனால் உன்னை மதிப்பிடும் மேலதிகாரி மேலேயே குறை என்றால், அவர் மதிப்பீட்டின் கீழிருந்து நீ விலகிய பிறகும் ஒரு வருடம் அவகாசம் கணக்கில் வரும். அதாவது, அவர் கைக்குள் இருக்கும்போது நீ வாய் திறக்கப் பயப்படுவாய் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. என் அதிகாரி மாற்றலாகிப் போன நாளிலிருந்து எனக்கு ஒரு வருடம் இருந்திருந்தால்! நம் 1985 சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அப்படி ஒரு வரியைச் சேர்த்தால் போதும், அரசுக்கு ஒரு காசு செலவில்லை.

ஜூன் 21

"அவள் பெண் என்பதால் அடங்கிப் போகச் சொல்கிறார்கள்" என்று தம்பி நேற்று எழுதியிருந்தார். அப்படியானால் முத்தம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

சி.பி. முத்தம்மா, குடகு விராஜ்பேட்டையில் பிறந்து சென்னையில் படித்தவர். 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். 1970-இல் ஹங்கேரிக்குத் தூதர். பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கிறது என்று அரசு நினைத்தால் ராஜினாமா கேட்கலாம் என்று 1961-ஆம் வருட விதி சொன்னது. கல்யாணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் நியமனம் உரிமை இல்லை என்றது இன்னொரு விதி. உயர் பதவிக்குத் தகுதியில்லை என்று தன்னைத் தள்ளியபோது அவர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். அதனால் 1979 செப்டம்பரில் மனு தள்ளுபடிதான் ஆயிற்று, ஆனால் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதோடு விடவில்லை. குடும்பம் பெண் அதிகாரிக்கு இடைஞ்சல் என்றால் ஆண் அதிகாரிக்கும் அது இடைஞ்சல்தானே என்று கேட்டார், சீனியாரிட்டியை மறுபரிசீலனை செய்யச் சொன்னார், பணி விதிகளையே அலசிப் பார்க்கச் சொன்னார். ஒரு விதியை நீக்கியாயிற்று, இன்னொன்றையும் நீக்கப்போகிறோம் என்று அரசு நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. பிரிட்டனில்கூட 1973 வரை கல்யாணமானால் பெண் தூதரக அதிகாரி வேலையை விட வேண்டும்.

முத்தம்மாவுக்கு கேட் கிடையாது, அது வந்தது 1985-இல். தூதர் பதவியில் இருந்தவரே தன் அரசின்மேல் வழக்குப் போட்டார். உங்கள் வீட்டில் அடங்கிப் போகச் சொல்பவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஒன்றைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆண்கள் கேட்க வேண்டாம், அவள் அம்மாவோ அத்தையோ கேட்கட்டும். பாலியல் தொல்லை ஏதாவது உண்டு என்றால் இந்த வழி எதுவும் வேண்டாம், 2013 சட்டத்தின் புகார்க் குழு இருக்கிறது, அதற்குப் பெண்தான் தலைவர், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஜூன் 22

அப்படி எதுவும் இல்லை என்று அத்தை கேட்டுச் சொல்லியிருக்கிறார். நல்லது.

ஜூன் 27

15-ஆம் தேதி எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். பரணில் இருந்த பழைய டைரிகளை இறக்கிப் பார்த்தேன். அந்த அதிகாரி டெல்லி போனது எங்கள் விஷயம் பேச இல்லை, அவர் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அதை என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். "தாயார் கவலைக்கிடம், இன்று விமானம்." இத்தனை வருடமும் அவர் வேண்டுமென்றே அமுக்கிவிட்டார் என்று மனசில் வைத்திருந்தேன், சொந்தக்காரர்களிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன். மறந்திருக்கலாம். "நன்று" என்று எழுதியதுகூட, அந்த வார்த்தை என்ன செய்யும் என்று யோசிக்காமல் எழுதியிருக்கலாம், அவர் மற்றவர்களுக்கும் அதையே எழுதினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இதனால் என் வாதம் மாறவில்லை. தாமஸின் காகிதத்தையும் யாரும் பகையால் மாற்றி வைக்கவில்லை. நல்லவர் டிராயரில் கிடந்தாலும் கெட்டவர் டிராயரில் கிடந்தாலும் காகிதம் டெல்லிக்குப் போகவில்லை. அதனால்தான் நம்பர் கேட்கச் சொல்கிறேன், ஆளைச் சந்தேகப்பட்டு இல்லை. ஆனால் அவரைப் பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 2

மன்னார்குடியிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி நியாயமானது. வெளிநாட்டுத் தூதரகங்கள் நம் ஊரில் வேலைக்கு வைக்கும் நம் ஆட்கள், டிரைவர், சமையல்காரர், டைப்பிஸ்ட், அவர்கள் குறையை யார் கேட்பது? அவர் மைத்துனர் ஒரு வெளிநாட்டு அலுவலகத்தில் டிரைவராக இருந்து ஒரே நாளில் நிறுத்தப்பட்டவராம்.

அவர்கள் நிலை எங்களைவிடக் கஷ்டம். எங்களுக்காவது கேட் இருக்கிறது. அந்நிய நாட்டின் மேல் நம் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும் என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 86-ஆவது பிரிவின்படி மத்திய அரசின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அந்த நாட்டுக்காரர்கள், எங்கள்மேல் இங்கே வழக்குப் போட முடியாது, விலக்குரிமை இருக்கிறது என்று தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையைக் காட்டுவார்கள். அதே உடன்படிக்கையின் 41-ஆவது பிரிவு, இருக்கும் நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டியது அவர்கள் கடமை என்றும் சொல்கிறது, அதை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

லண்டனில் சூடான் தூதரகத்தில் சமையல் வேலை பார்த்த மொராக்கோ நாட்டுப் பெண் ஒருவர் விடவில்லை. வேலையைவிட்டு நிறுத்தியது, சம்பளம், வேலை நேரம் என்று வழக்குப் போட்டார். தூதரகம் விலக்குரிமை என்றது. 2017 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட ஊழியருக்கு நீதிமன்றக் கதவை அடைக்கும் சட்டப் பிரிவுகள் நியாயமான விசாரணை உரிமைக்கு முரண் என்று சொல்லிவிட்டது. சமையல் செய்வது ஒரு நாட்டின் இறையாண்மைக் காரியமா என்பதுதான் அங்கே கேள்வி. அந்த மைத்துனரிடம் நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் இருந்தால் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள், தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீலாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள், 86-ஆவது பிரிவு என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.

ஜூலை 5

தம்பி அனுப்பிய நகலைப் படித்தேன். அவள் எழுதியது நன்றாக இருக்கிறது. மூன்றாவது பத்தியில் "மனிதாபிமானமற்ற" என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன், விருந்துத் தேதிகள் நாலும் வரிசையாக இருக்கின்றன, அதுவே போதும். லீவு மறுத்த இரண்டு மின்னஞ்சல்களையும் இணைத்திருக்கிறாள். கொடுத்தது ஜூலை 3. வாங்கியவர் "வைத்துவிட்டுப் போ" என்றிருக்கிறார். அவள் நின்றாளாம். பத்து நிமிஷம் அந்த மேசைக்கு முன்னால் நின்று டைரி நம்பர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அதைப் படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கிறது.

ஜூலை 6

தம்பி, ஜூலை 3 என்றால் பதில் வராத பட்சத்தில் ஆறு மாதம் முடிவது ஜனவரி 3. அன்றிலிருந்து ஒரு வருடம். நடுவில் பதில் உத்தரவு வந்துவிட்டால் இந்தக் கணக்கை விட்டுவிட்டு உத்தரவு தேதியிலிருந்து எண்ண வேண்டும். இரண்டையும் வீட்டுக் காலண்டரில் எழுதித் தொங்கவிடுங்கள், போனில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். அறிக்கையைக் காட்டும் 15 நாளை நான் செப்டம்பரில் மறுபடி ஞாபகப்படுத்துகிறேன்.